அத்தியாயம் 5: நாளிதழ் மேசையில் தொடங்கும் வகுப்பு

முதல் வகுப்புக்கு புரொஜெக்டர் தேவையில்லை. இணைய இணைப்பும் தேவையில்லை. எடைக்குப் போடுவதற்காகக் கட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பழைய நாளிதழ்க் கட்டைப் பிரியுங்கள். ஒரே தேதியில் வந்த நான்கு நாளிதழ்களை எடுத்து மேசைமேல் விரித்துப் போடுங்கள். கூடவே ஆளுக்கொரு பென்சில். வாசிப்புக் கண்ணாடி இரண்டும் வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிடுங்கள். அது எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு ஊடக வகுப்பு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது கூட்டம் போடுவதுதான். வாசகர் வட்டம் சார்பில் ஒரு பேச்சாளரை அழைத்து, நாற்காலி போட்டு, 'வதந்திகளை நம்பாதீர்' என்று ஒரு மணி நேரம் பேசவைப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். நல்ல கூட்டம், நல்ல பேச்சு. அன்று இரவே, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட ஒருவர் எங்கள் வாசகர் வட்டக் குழுவில் பழைய வெள்ளப் படம் ஒன்றை 'இன்றைய நிலை' என்று போட்டிருந்தார். அவர் மேல் குற்றமில்லை. கேட்டது காதோடு நின்றுவிட்டது, கைக்கு வரவில்லை.

பிகாரில் நடந்த இரண்டு ஆய்வுகளை இந்த வேலையில் இறங்கும் ஒவ்வொரு நூலகரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலை ஒட்டி சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் மக்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்து, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் திறன் கூடுகிறதா என்று பார்த்தார். மொத்தத்தில் கூடவில்லை. பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் அதே மாநிலத்தில் வேறு வழியில் போனார்கள். 583 கிராமங்கள், 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள். வகுப்பு நடந்த இடம் ஊர் நூலகம். ஒரே நாளில் முடிக்காமல் சில மாதங்களில் நான்கு அமர்வுகளாகப் பிரித்து நடத்தினார்கள். இந்த முறை பலன் தெரிந்தது. வகுப்பு முடிந்து மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் அது நின்றிருந்தது. வீட்டிலிருந்த பெற்றோர் வரை எட்டியிருந்தது. அவர்கள் மாணவர்கள், நம்மிடம் வருபவர்கள் பெரியவர்கள் என்ற வித்தியாசம் உண்டு. ஆனாலும் ஒரு மணி நேரப் பேச்சு போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், குறைந்தது ஆறு வாரம். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால், இதைச் சொல்லுங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊர் திரண்டு அடித்ததில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது அம்மா இறந்துபோனார். அந்த நாட்களில் வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் அதே வதந்திதான். கையை ஓங்கியவர்கள் வளர்ந்த மனிதர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் வைக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. படிப்பை விட்டு முப்பது வருடம் ஆனவர், கட்டணம் இல்லாமல், யார் என்று கேள்வி இல்லாமல் வந்து உட்காரக்கூடிய இடம் ஊரில் நூலகம் ஒன்றுதான்.

முதல் வாரம்: கூறியது யார்?

நான்கு நாளிதழ்களிலும் வந்திருக்கும் ஒரே செய்தியைத் தேடிப் பிடியுங்கள். அரசியல் வேண்டாம். சாலை விபத்து, மழை அளவு, தக்காளி விலை, இப்படி எதுவானாலும் சரி. ஒருவர் உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் தங்கள் தாளில் அதே செய்தியைத் தொடரட்டும். எண் மாறுகிறது, ஊர்ப் பெயர் மாறுகிறது, ஒரு தாளில் தலைப்பாக வந்தது இன்னொன்றில் கடைசிப் பத்தியில் கிடக்கிறது என்பதையெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

பிறகு பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். தமிழ்ச் செய்தி நடையில் ஒரு வசதி இருக்கிறது: எழுதியவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை வாக்கியத்தின் கடைசிச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். 'என்று மாவட்ட ஆட்சியர் தெரிவித்தார்' என்றால் சொன்ன ஆள் இருக்கிறார், நாளைக்கு அவரிடமே போய்க் கேட்கலாம். 'போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்றால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. 'எனக் கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது', 'என்று பரவலாகப் பேசப்படுகிறது' என்றால்? கூறியது யார்? தெரிந்தது யாருக்கு? இந்தக் கடைசிச் சொற்களை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். நாளிதழ் வாசிப்பே தெரியாதவர்கள்கூடப் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள், ஏனென்றால் இது அவர்கள் நாளெல்லாம் பேசும் தமிழ்தான். எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஒரே பத்தியில் நான்கு வட்டம் போட்டுவிட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினார்: "ஏம்மா, இதுல ஒருத்தர்கூட தன் பேரச் சொல்லலையே."

அப்போதே இதையும் சொல்லிவிடுங்கள். 'கூறப்படுகிறது' என்று எழுதிய நிருபர் பொய்யர் அல்ல. தனக்கு உறுதியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். மதிக்க வேண்டிய விஷயம் அது. வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு இந்தத் தயக்கம்கூட இருக்காது. எல்லாம் 'நடந்தது', 'உறுதி', 'அதிர்ச்சி' என்றுதான் வரும்.

இப்போது அந்தக் கண்ணாடி. ஒவ்வொரு அணியிலும் ஒருவராவது "கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்பார். உண்மையாகவே மறந்தவர் மேசையில் இருக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர் அதைத் தொடமாட்டார். அங்கே நிறுத்திவிடுங்கள், ஒரு வார்த்தை கேட்காதீர்கள். அவருக்குப் பக்கத்தில் நன்றாகப் படிக்கிற ஒருவரை உட்காரவைத்து, 'நீங்க படிங்க, ஐயா கேட்டுட்டு எது சந்தேகமா இருக்குன்னு சொல்லட்டும்' என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள். எங்கள் வகுப்பில் மிகக் கூர்மையான கேள்விகள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்துதான் வந்தன. சந்தையில் ஏமாறாமல் நாற்பது வருடம் வியாபாரம் பார்த்தவருக்குச் செய்தியில் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை.

இரண்டாம் வாரம்: கையில் இருக்கும் போன்

அந்த வாரம் தங்களுக்கு வந்த ஒரு செய்தியை ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். அனுப்பியவர் பெயரை வகுப்பில் சொல்ல வேண்டாம் என்பதை முதலிலேயே விதியாக்கிவிடுங்கள். மருமகன் அனுப்பியதை மாமியார் பொய் என்று பொதுவில் சொன்னால் வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு செய்தியைப் பலகையில் எழுதுங்கள். 'இன்று காலை நமது மாவட்டத்தில்...' என்று தொடங்கி 'உடனே அனைவருக்கும் பகிரவும்' என்று முடியும். எந்த இன்று? எந்த மாவட்டம்? தேதியும் ஊரும் இல்லாத 'இன்று' எத்தனை வருடமானாலும் பழசாகாது. பலகையில் இருக்கும் 'இன்று' என்ற சொல்லுக்கு அடிக்கோடிட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். விளக்கம் அவர்களிடமிருந்து வரும்.

பிறகு அம்புக்குறி. ஒற்றை அம்பு என்றால் அனுப்பியவர் எழுதியதல்ல, வேறெங்கிருந்தோ வந்தது. இரட்டை அம்பு என்றால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது 2018 ஜூலையில், வதந்திக் கொலைகள் நாட்டை உலுக்கிய பிறகு. இரட்டை அம்புச் செய்தியை ஒரு முறைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்பது 2020 ஏப்ரலில் வந்தது. இந்த வரலாற்றைச் சொன்னால் அந்தச் சிறிய அம்பை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

படத்தைத் தேடுவது அடுத்தது. படத்தைப் போனில் சேமித்து, கூகுள் லென்ஸில் திறந்து, அதே படம் முன்பு எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது. வீடியோ என்றால் நடுவில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைத் தேடுவது. சொல்ல இரண்டு வரி, செய்ய முழு வகுப்பு வேண்டும். உதவிக்கு உங்கள் நூலகத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் இளைஞர்களில் இரண்டு மூன்று பேரைக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு வருவார்கள். அவர்களுக்கு நீங்கள் போடவேண்டிய கட்டளை ஒன்றே ஒன்று: பெரியவர்கள் கையிலிருந்து போனை வாங்கக் கூடாது. "குடுங்க ஆன்ட்டி, நான் பண்ணித் தரேன்" என்ற அந்த வினாடியில் வகுப்பு முடிந்துவிடும். விரல் நடுங்கட்டும், வேறெங்கோ பட்டு வேறு பக்கம் திறக்கட்டும். ஐந்தாவது முறை சரியாக வரும்.

பயிற்சிக்கு 2023 மார்ச் மாதக் கதையை எடுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பரவிய வீடியோக்கள் பல வேறு மாநிலங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்கள். தமிழ்நாடு காவல்துறை மறுப்பு வெளியிட்டது, பொய் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. அதற்குள் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்கள் கிளம்பிவிட்டார்கள். நம் ஊரைப் பற்றியே பொய் சுற்றியது என்பதால் எங்கள் வகுப்பில் இது எல்லோருக்கும் சட்டென்று உறைத்தது.

செய்தியை வெளியிட்டது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பினரிடம் அறிமுகமில்லாத இணையதளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். படித்தவர்கள் பலர் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் வடிவத்தையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில வினாடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு கேள்வி போதும்: மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டிலேயா விசாரிப்போம்? அந்தத் தெரு டீக்கடையில் விசாரிப்போம். எங்கள் வகுப்பில் இதற்குப் பெயரே 'டீக்கடையில் கேட்டாச்சா?' என்றாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இதை அதிகம் பழக்கவேண்டியது நியூஸ் கார்டில். தொலைக்காட்சியின் சின்னத்தோடு, தலைவர் படத்தோடு, அவர் சொல்லாத வாசகத்தைப் போட்டு வரும் அட்டைகள். எழுத்துரு வேறாக இருக்கும், ஒற்றுப்பிழை இருக்கும் என்று கற்றுக்கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். இப்போது போலிகள் அசலைப் போலவே வருகின்றன. அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அந்தத் தேதியில் அந்த அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் டீக்கடை. யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்களையும், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்தையும், மத்திய அரசின் பிஐபி சரிபார்ப்புப் பிரிவையும் காட்டுங்கள். அரசுப் பிரிவுகள் அரசு தரப்பு விளக்கத்தைத் தருபவை, இறுதித் தீர்ப்பு தருபவை அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் பயிற்சிக்குக் கொண்டுபோகும் ஐந்து செய்திகளில் குறைந்தது இரண்டு உண்மையாக இருக்கட்டும். எல்லாமே பொய்யாக இருந்தால் அவர்கள் கற்றுக்கொள்வது 'எதையும் நம்பாதே' என்பதைத்தான். புயல் எச்சரிக்கையைக்கூட நம்பாமல் வீட்டில் இருந்துவிடுகிறவரை நாம் உருவாக்கக் கூடாது.

மூன்றாம் வாரம்: முறத்தில் ரேஷன் அரிசி

இந்த வகுப்பை மட்டும் தவறவிடாதீர்கள். ஒரு கிலோ ரேஷன் அரிசியும் ஒரு முறமும் கொண்டுவாருங்கள்.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்ற பேச்சு கிராமத்துக்குக் கிராமம் உண்டு. பெண்கள் அந்த மணிகளைப் பொறுக்கி எறிவதை நானே பார்த்திருக்கிறேன். 'அதெல்லாம் வதந்தி, நம்பாதீங்க' என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்த்தது உண்மை. அந்த அரிசியில் சில மணிகள் வேறுமாதிரிதான் இருக்கின்றன. நிறம் சற்று மாறியிருக்கும், சில தண்ணீரில் மிதக்கும். அதனால் முதலில் அவர்கள் கண்ணுக்கு மரியாதை கொடுங்கள். முறத்தில் கொட்டி, அந்த மணிகளைப் பொறுக்கித் தனியே வைக்கச் சொல்லுங்கள்.

அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, எந்திரத்தில் அரிசி வடிவத்தில் பிழிந்து எடுக்கிறார்கள். நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ இந்த மணி. ரத்தசோகையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. ஒரு மணியைக் கரண்டியால் நசுக்கச் சொல்லுங்கள். மாவாக நொறுங்கும். பிளாஸ்டிக் அப்படி மாவாகாது.

சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு அம்மா நசுக்கிய மாவை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ரெண்டு வருசமா பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். எம் மவளுக்கு ரத்தம் கம்மின்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க" என்றார். அந்த அறையில் இருந்த யாரும் அதை மறந்திருக்கமாட்டோம்.

பார்த்தது சரி, அதற்குச் சொன்ன காரணம் தவறு. பாதிக்கு மேற்பட்ட வதந்திகள் இப்படிப்பட்டவைதான் என்பது என் அனுபவம். மனிதர்கள் எதையாவது உண்மையிலேயே பார்த்திருப்பார்கள், யாரும் விளக்கம் சொல்லியிருக்கமாட்டார்கள், அந்த இடைவெளியில் பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த அரிசி எல்லோருக்கும் தேவையா என்ற விவாதம் மருத்துவர்களிடையே இருக்கிறது. யாராவது கேட்டால் மழுப்பாதீர்கள். அது நியாயமான கேள்வி, பிளாஸ்டிக் என்பது வேறு என்று பிரித்துக் காட்டுங்கள்.

நம்பிக்கை சார்ந்த செய்திகளிலும் இதே பிரிப்பு உதவும். திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடுகிற ஒருவர் அதைக் கொண்டுவருவார். கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். 'சாமிய யாரும் கேள்வி கேக்கலைங்க ஐயா. நாசா இப்படிச் சொல்லுச்சான்னு மட்டும் பாப்போமா?' என்று கேளுங்கள். தேடிப் பார்த்தால் நாசாவின் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்காது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் நின்றால் விழுந்துவிடுமே என்று யாராவது ஒரு இளைஞர் சொல்வார். பெரியவர் தலையாட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமையும் விளக்குப் போடுவார். அது அவர் உரிமை.

நான்காம் வாரம்: போனை வைக்கப் பழகுவது

பண மோசடி வகுப்புக்கு ஆள் சேர்க்க வேண்டியதே இல்லை, தானாக வருவார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் சிபிஐயும் வீடியோ காலில் கைது செய்யாது, பணம் கேட்காது. இன்றிரவு கரன்ட் கட் என்று வரும் செய்தியில் உள்ள எண்ணைக் கூப்பிடக் கூடாது. கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு வந்தால் தொடக் கூடாது. இவற்றை எழுதி நூலக வாசலில் ஒட்டிவிடலாம்.

வகுப்பில் செய்யவேண்டியது நடிப்பு. நீங்கள் சிபிஐ அதிகாரியாகப் பேசுங்கள், அவர்கள் போனை வைக்க வேண்டும். எளிது என்று நினைப்பீர்கள். எழுபது வயதுக்காரர், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர். மோசடிக்காரன் பிடித்துக்கொள்வது அந்த மரியாதையைத்தான். "பையன்கிட்ட கேட்டுட்டுப் பேசுறேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உடனே வைப்பதை ஆளுக்கு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். பணம் போய்விட்டால் கூப்பிடவேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு. மனப்பாடமாகச் சொல்லவையுங்கள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் புத்தக அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். ஏற்கெனவே ஏமாந்தவர் அவர். பிள்ளைகளிடம் சொல்லியிருக்கமாட்டார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் போனிலேயே 1930ஐ அழைக்க உடன் இருங்கள். 'எப்படிங்க நம்புனீங்க' என்ற கேள்வி உங்கள் வாயில் வரவே கூடாது.

மீதி இரண்டு வாரமும் புதிய பாடம் வேண்டாம். அவர்கள் கொண்டுவருவதை அவர்களே சரிபார்க்கட்டும். செயற்கை நுண்ணறிவு செய்த படங்களும் குரல்களும் அப்போது வரும். விரல்களை எண்ணிப் போலியைக் கண்டுபிடிக்கும் உத்திகள் நாளைக்கே செல்லாமல் போகும், டீக்கடை விசாரணை செல்லும்.

கட்சிச் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மூன்று வாரம் தொடாதீர்கள். பழக்கம் கைக்கு வந்த பிறகு தொட்டால், எல்லாத் தரப்பிலிருந்தும் எடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் மறுபடி தக்காளி விலைக்கே திரும்பிவிடுங்கள். நூலகம் ஒரு பக்கம் சாய்ந்தது என்று ஊரில் பேச்சு வந்தால், பிறகு நீங்கள் அரிசியைப் பற்றிச் சொன்னாலும் கேட்க ஆள் இருக்காது.

வருகிறவர்கள் தயங்கித் தயங்கி "கட்டணம் எவ்வளவுங்க?" என்று கேட்பார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. இப்போது ரூபாய்க்கு 10 பைசா. இந்த வகுப்புக்கான பணத்தை அவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.